புர்ஜ் கலீஃபா: 124-ஆ, 148-ஆ, 154-ஆ? எந்த மாடிக்கு டிக்கெட் எடுத்தால் கொடுத்த காசு வீணாகாது?

துபாய் போய்ட்டு வந்தவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "புர்ஜ் கலீஃபா மேல ஏறினியா?" என்பதுதான். ஏறினேன் என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த மாடி வரைக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியது அதைத்தான். 828 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தில், சாதாரண டிக்கெட் எடுத்தவர் போய் நிற்கும் இடம் 452 மீட்டர். பாதியைத் தாண்டி கொஞ்சம், அவ்வளவுதான். டிக்கெட்டின் பெயர் என்னவோ 'அட் த டாப்'. அதற்கும் மேலே போக இன்னொரு விலை. கையில் கிளாஸோடு உட்கார்ந்து ஊரைப் பார்க்க வேறொரு விலை. அங்கே வேலை செய்யும் ஒருவர் ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துவந்து சுற்றிக்காட்டுகிறார் என்றால், எந்த டிக்கெட் என்பதில் எடுக்கும் முடிவு அந்த மாதச் சம்பளத்தில் நன்றாகவே தெரியும். ஆகவே கவுன்ட்டருக்குப் போகும் முன்பே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

எத்தனை 'உச்சி' இருக்கு?

2010 ஜனவரி 4-ல் கட்டடம் திறக்கப்பட்டது. அதுவரை அதன் பெயர் புர்ஜ் துபாய். நிதி நெருக்கடியில் துபாய்க்குக் கைகொடுத்த அபுதாபியின் ஆட்சியாளர் ஷேக் கலீஃபாவின் பெயர் திறப்பு நாளன்றுதான் வைக்கப்பட்டது. மறுநாளே 124-வது மாடியில் பார்வைத் தளம் திறந்தது. திறந்தவெளிப் பார்வைத் தளங்களில் அப்போது உலகிலேயே உயரமானது அதுதான். அடுத்த மாதமே லிஃப்ட் நடுவழியில் நின்று, சுற்றுலாப் பயணிகள் முக்கால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தளத்தை மூடி ஏப்ரலில்தான் மீண்டும் திறந்தார்கள்.

2011-ல் சீனாவின் குவாங்சோவில் உள்ள கேன்டன் டவர் 488 மீட்டரில் ஒரு தளம் திறந்து பட்டத்தைப் பறித்தது. சும்மா விடுவார்களா? 2014 அக்டோபரில் 148-வது மாடியை 555 மீட்டரில் திறந்தது துபாய். 2016-ல் ஷாங்காய் டவர் 561 மீட்டரோடு வந்தது. 2019-ல் புர்ஜ் கலீஃபாவின் 152, 153, 154-வது மாடிகளில் 'லவுஞ்ச்' திறக்கப்பட்டது. அதன் உயரம் 585 மீட்டர். மாடி மாடியாக விலை ஏறிய கதை இதுதான். பார்க்க வருபவர் கேட்டு நடந்ததைவிட, நகரங்களுக்கு இடையிலான போட்டியில் நடந்தது அதிகம்.

அப்போ 585-க்கு மேலே? மனிதர்கள் தங்கிப் புழங்கும் மாடி எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட 244 மீட்டர், அதாவது கட்டடத்தின் மொத்த உயரத்தில் 29 சதவீதம், வெறும் கூம்பும் கம்பமும்தான். எவ்வளவு பணம் கொடுத்தாலும் உண்மையான உச்சிக்கு டிக்கெட் கிடையாது.

மேலே போகப் போக அதிகம் தெரியுமா?

விற்பவர்கள் சொல்லாத விஷயம் இங்கேதான் இருக்கு. பூமி உருண்டை என்பதால், எந்த உயரத்தில் நின்றாலும் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 124-வது மாடிக்கு இது சுமார் 76 கி.மீ. 148-க்கு 84. 154-க்கு 86.

நூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஏறினாலும் தொடுவானம் 8 கி.மீ. தான் தள்ளிப்போகிறது. அந்த 76 கிலோமீட்டராவது முழுசாகத் தெரியுமா என்றால், பெரும்பாலான நாட்களில் தெரியாது. துபாயின் காற்றில் தூசியும் கடலிலிருந்து வரும் ஈரமும் கலந்தே இருக்கும். கோடைக்காலத்தில் ஊர் மேல் ஒரு வெளுத்த போர்வை விரித்த மாதிரி இருக்கும். பேரீச்ச மர வடிவத் தீவான பாம் ஜுமைரா இங்கிருந்து சுமார் 16 கி.மீ. தூரம்தான். அதுவே பல நாட்களில் மங்கலாகத்தான் தெரியும், சில நாட்களில் தெரியவே தெரியாது.

அதனால் மாடியைவிட முக்கியம் நாள். நவம்பர் முதல் மார்ச் வரை வானம் ஓரளவு தெளிவாக இருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் விடவே கூடாது. தெளிவான நாளில் 124-வது மாடியில் நிற்பவருக்குத் தெரிவது, மூட்டமான நாளில் 154-ல் நிற்பவருக்குத் தெரியாது. குளிர்காலத்தின் சில காலைகளில் மூடுபனி ஊரையே மறைத்து, உயரமான கட்டடங்களின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சமூக ஊடகங்களில் சுற்றும் அந்தப் படங்கள் உண்மைதான். ஆனால் அதை நம்பி காலை டிக்கெட் எடுத்துவிட்டு வெறும் வெள்ளையைப் பார்த்துத் திரும்பவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. உயரம் கூடக் கூட கீழே உள்ளது எல்லாம் சின்னதாகிவிடும். ஷேக் சாயித் சாலையில் போகும் கார்கள், காலடியில் இருக்கும் துபாய் ஃபவுன்டன், அதைச் சுற்றி நிற்கும் கூட்டம் எல்லாமே 124-லிருந்தே பொம்மை அளவுதான். 148-ல் புள்ளியாகிவிடும். ஊரை ஊராகப் பார்க்க நினைப்பவருக்கு 124, 125 போதும். 124-ல் திறந்தவெளித் தளமும் இருப்பதால் காற்றும் முகத்தில் படும். 148-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வாங்குவது பெரும்பாலும் காட்சியை அல்ல, கூட்டக் குறைவை. தனி வரவேற்பு, பேரீச்சம்பழம், அரபிக் காபி, நெருக்கடியில்லாத ஜன்னல். முழங்கால் வலியோடு வரும் பெரியவர்கள் கூட இருந்தால் அந்த வசதிக்கு ஒரு மதிப்பு இருக்கு. 148-க்கு டிக்கெட் எடுத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு 125, 124-க்கும் வரலாம்.

ஒரே நாளில் இரண்டு அஸ்தமனம்

மாலை நேர டிக்கெட்டுக்குத்தான் விலை அதிகம். முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். அதற்கு வெறும் அழகு மட்டும் காரணம் இல்லை. உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் கீழே இறங்கிவிடுவதால், தரையில் நிற்பவருக்கு மறைந்த சூரியன் இவருக்கு இன்னும் மறைந்திருக்காது. 452 மீட்டரில் இந்த வித்தியாசம் சுமார் 3 நிமிடம்.

இது வேடிக்கைக் கணக்கு மட்டுமல்ல. 2011 ரமலான் மாதத்தில், துபாயின் தலைமை முஃப்தி அகமது அப்துல் அஜீஸ் அல் ஹத்தாத், புர்ஜ் கலீஃபாவில் 80-வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் தரையில் இருப்பவர்களைவிட 2 நிமிடம் தாமதமாகவும், 150-க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம் தாமதமாகவும் நோன்பு திறக்க வேண்டும் என்று விளக்கம் கொடுத்தார். ஒரே முகவரி, மூன்று இஃப்தார் நேரம்!

மாலை நேரத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருக்கிற மாதிரி நேரத்தைத் தேர்வு செய்வது நல்லது. பாதுகாப்புச் சோதனை, லிஃப்ட் வரிசை எல்லாம் தாண்ட வேண்டும். வரிசையிலேயே சூரியன் மறைந்துபோனால் கொடுத்த கூடுதல் காசு போனதுதான். சீக்கிரம் போனால் பகல், அந்தி, விளக்கு எரியும் ஊர் என மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம்.

லிஃப்ட் 124-வது மாடிக்குப் போக எடுக்கும் நேரம் சுமார் ஒரு நிமிடம். வேகம் வினாடிக்கு 10 மீட்டர். ஊட்டி மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது காது அடைக்குமே, அதே அடைப்பு இங்கே ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். குழந்தைகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிடலாம்.

மேலே குடிக்க என்ன கிடைக்கும்?

சாதாரண டிக்கெட்டில் குடிக்க எதுவும் சேர்ந்திருக்காது. உட்கார்ந்து எதையாவது அருந்திக்கொண்டே பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கு.

ஒன்று, மேலே சொன்ன 152 முதல் 154 வரையிலான லவுஞ்ச். பானமும் சிற்றுண்டியும் டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். எல்லா டிக்கெட்டிலும் விலை அதிகம் இதற்குத்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 122-வது மாடியில், 442 மீட்டரில், 'அட்மாஸ்ஃபியர்' என்ற உணவகம் 2011 ஜனவரியிலிருந்து இருக்கு. பார்வைத் தளத்துக்கு இரண்டு மாடிதான் கீழே. தளத்துக்கான டிக்கெட் இதற்குத் தேவையில்லை, மேசை முன்பதிவு போதும். கேட்க நல்ல குறுக்கு வழி மாதிரி இருக்கும். ஆனால் ஓர் ஆளுக்குக் குறைந்தது இவ்வளவு தொகைக்குச் சாப்பிட வேண்டும் என்ற விதி இருக்கு. அந்தத் தொகை நேரத்துக்கு ஏற்ப மாறும், ஜன்னல் ஓர மேசைக்கு இன்னும் அதிகம். உடைக்கும் கட்டுப்பாடு உண்டு. டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் சாப்பாடும் கிடைக்கட்டுமே என்று நினைப்பவருக்கு இது சரிப்படும். கட்டடத்தைச் சுற்றி நடந்து நான்கு பக்கமும் பார்க்க நினைப்பவருக்குச் சரிப்படாது. மேசை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் காட்சி.

மது விஷயத்தில் துபாயின் சட்டம் தெளிவானது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஹோட்டல், உணவகங்களில் மட்டுமே அருந்தலாம். தெருவில், கடற்கரையில், ஏரிக்கரையில் கூடாது. மதுவுக்கு இருந்த 30 சதவீத வரியை 2023 தொடக்கத்தில் நிறுத்திவைத்த துபாய், 2025 ஜனவரி 1 முதல் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அதனால் 2024-ல் போய் வந்த நண்பர் சொல்லும் விலையை நம்பி பர்ஸைத் திறக்க வேண்டாம். மாக்டெயிலும் ஜூஸும் எல்லா இடத்திலும் கிடைக்கும், அவற்றுக்கும் உயரத்துக்கு ஏற்ற விலைதான்.

காற்றடித்தால் கிளாஸ் ஆடுமா?

இவ்வளவு உயரக் கட்டடம் காற்றில் அசையாமல் இருக்காது. உச்சியில் ஒன்றரை மீட்டர் வரை அசைவு இருக்கலாம் என்பது கணக்கு. ஆனால் பார்வைத் தளத்தில் நிற்பவர் அதை உணர்வது அபூர்வம். தைவானின் தைபே 101 கட்டடத்தில் அசைவைத் தணிக்க 660 டன் எடையுள்ள இரும்புக் கோளம் தொங்குகிறது. புர்ஜ் கலீஃபாவில் அப்படி எதுவும் இல்லை, அதன் வடிவமே அந்த வேலையைப் பார்க்கிறது. கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் பொறியாளர் பில் பேக்கரும் மூன்று இறக்கைகளை நடுவில் ஒரு தூணோடு சேர்த்து, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கிற மாதிரி அமைத்தார்கள். மேலே போகப் போக ஒவ்வோர் இறக்கையும் வெவ்வேறு உயரத்தில் பின்வாங்கும். இதனால் காற்று ஒரே சீராகச் சுழன்று கட்டடத்தை உலுக்க முடியாமல் சிதறிவிடுகிறது.

இதைக் கட்டியவர்களில் பெரும்பகுதி இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து போன தொழிலாளர்கள். உச்சகட்டத்தில் ஒரே நாளில் 12,000 பேர் வரை வேலை செய்தார்கள். 2006 மார்ச்சில் குறைந்த கூலிக்கும் வேலைச் சூழலுக்கும் எதிராக இந்தக் கட்டுமானத் தளத்தில் வெடித்த போராட்டம் உலகச் செய்தியானது. அதே மாதிரியான சம்பளத்தில் இன்றும் அந்த ஊரில் இருப்பவருக்கு, மேலே போக ஆகும் செலவு சின்ன விஷயம் இல்லை.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால்?

புர்ஜ் கலீஃபாவின் மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரே கட்டடம் புர்ஜ் கலீஃபா. அதைப் பார்க்க வேண்டும் என்றால் வெளியே நிற்க வேண்டும், துபாய் மாலின் பின்புறம் உள்ள ஏரிக்கரையில் அது இலவசம். மாலையில் ஃபவுன்டன் காட்சியும் சேர்ந்து கிடைக்கும். உயரமும் வேண்டும், புர்ஜும் கண்ணெதிரே தெரிய வேண்டும் என்றால் பக்கத்திலேயே 'ஸ்கை வியூஸ்' என்ற தளம் 219.5 மீட்டரில் இருக்கு. சபீல் பூங்காவில் உள்ள 150 மீட்டர் உயர துபாய் ஃபிரேமுக்கு டிக்கெட் இன்னும் மலிவு. பழைய துபாய் ஒரு பக்கம், புதிய துபாய் மறுபக்கம் என்று பார்க்க அதுவே நல்ல இடம்.

மேலேதான் போக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அதிகாரபூர்வ இணையதளத்தில் நேரத்தோடு முன்பதிவு செய்வதே பாதுகாப்பு. வானம் மூட்டமாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணத்தில் பதிவு செய்ய வேண்டாம். முடிந்தால் ஒன்றிரண்டு நாள் முன்பு வானிலையைப் பார்த்து எடுக்கலாம், ஆனால் விடுமுறைக் காலத்தில் மாலை நேரம் அதற்குள் தீர்ந்திருக்கும். இரவில் படம் எடுப்பவர்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு குறையும். வெள்ளைச் சட்டை போட்டால் ஊருக்குப் பதில் அவரவர் வயிறுதான் படத்தில் விழும்.

நுழைவு துபாய் மால் வழியாக. மெட்ரோ ரெட் லைனில் 'புர்ஜ் கலீஃபா/துபாய் மால்' நிலையத்தில் இறங்கி, குளிரூட்டிய நடைபாலத்தில் 800 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் டாக்ஸியில் மால் வாசலில் இறங்குவதே நல்லது. மேலே மது அருந்தியவர்கள் காரைத் தொடவே கூடாது. குடித்துவிட்டு ஓட்டுவதில் 'கொஞ்சம்தானே' என்ற சலுகை அங்கே கிடையாது. வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் தங்கும் நம்மவர்கள் நிறைய பேர். அவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை: ஷார்ஜாவில் மதுவுக்கு முழுத் தடை. துபாயில் சட்டப்படி குடித்தேன் என்ற பதில் எல்லை தாண்டிய பிறகு உதவாது. துபாய் மெட்ரோவும் ஷார்ஜா வரை போகாது.