கைமாறும் குரல்கள்

1990 மே 16 அன்று ஜிம் ஹென்சன் இறந்தபோது அவருக்கு வயது 53. கெர்மிட் என்ற தவளைப் பொம்மைக்கு 1955 முதல் கையும் குரலும் அவர்தான். அவரோடு கெர்மிட்டும் போய்விட்டான் என்றே பலரும் நினைத்தார்கள். அந்த நவம்பரில் அவருக்கு அஞ்சலியாக ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முடிவில் கெர்மிட் வந்தான். அதே பச்சைத் துணி, அதே கண்கள். ஆனால் உள்ளே இருந்த கையும் குரலும் ஸ்டீவ் விட்மயருடையவை.

ரசிகர்களின் தவிப்பு நமக்குப் புரியாததல்ல. இரவல் குரலில் பேசும் நடிகைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, குரல் மாறினால் முகமே மாறிவிட்டதுபோல் இருக்கும். 2017இல் விட்மயர் விலக்கப்பட்ட செய்தி வெளியாகி மேட் வோகல் அந்த இடத்துக்கு வந்தபோது தவிப்பு திரும்பியது. விட்மயரின் குரலோடு வளர்ந்தவர்களுக்கு அவருடையதே உண்மையான கெர்மிட். ஒருகாலத்தில் அந்நியமாக ஒலித்த குரல் 27 ஆண்டுகளில் அசலாகிவிட்டது. ரசிகர்களின் காது பழகிக்கொள்ளும். அதற்குக் காலம் வேண்டும், அவ்வளவுதான்.

என் கேள்வி வேறு. மப்பெட் பொம்மைகளின் வரலாற்றில் கெர்மிட் கைமாறியது மட்டும் பெரிய செய்தியானது ஏன்? வேறு யார் கையிலிருந்து எது போனது?

தொடக்கத்திலேயே ஒரு பெண் இருக்கிறார். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஹென்சனுடன் பொம்மலாட்டம் படித்த ஜேன் நீபெல். 1955இல் வாஷிங்டன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சாம் அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்தே நடத்தினார்கள். முதல் கெர்மிட் உருவானதும் ஹென்சனின் தாய் உடுத்திக் கழித்த மேலங்கித் துணியில்தான். 1959இல் ஜேனும் ஜிம்மும் மணந்துகொண்டார்கள். ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள். குழந்தைகளை வளர்க்க ஜேன் பொம்மையைக் கீழே வைத்தார். அந்த இடத்தை நிரப்ப 1961இல் ஜெர்ரி ஜூலும், 1963இல் பொம்மலாட்டக்காரராக ஃபிராங்க் ஆஸும் வந்தார்கள். இதையும் ஒரு கைமாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். குடும்பப் பொறுப்பு என்ற பெயரில் நடந்ததால் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அந்த ஃபிராங்க் ஆஸ்தான் மிஸ் பிக்கியைப் பேசவைத்தவர். பன்றி அஃறிணை. ஆனாலும் எழுதும்போது என் கை ‘அவள்’ என்றே எழுதுகிறது. அவ்வளவு உயிரோடு ஆஸ் அவளை உருவாக்கினார். 1974இல் அவளை வடிவமைத்தவர் பான்னி எரிக்சன் என்ற பெண். தன்னிச்சையான பெண்ணாக அறியப்பட்ட பாடகி பெக்கி லீயை நினைத்து அவர் முதலில் வைத்த பெயர் மிஸ் பிக்கி லீ. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ் ஒதுங்கியபோது பிக்கி எரிக் ஜேக்கப்சனிடம் போனாள். 2015 ஜூனில் புரூக்ளின் அருங்காட்சியகத்தின் பெண்ணியக் கலை மையம், டோனி மாரிசனுக்கு முன்பு அளித்த விருதை அவளுக்கும் அளித்தது. குளோரியா ஸ்டைனம் அவளோடு மேடையில் உரையாடினார். பெண்ணியத்துக்கான விருதைப் பெற்ற குரல் ஓர் ஆணுடையது.

ஆண் ஒருவர் பெண் பாத்திரத்தைப் பேசுவது குற்றமில்லை. நம் கூத்திலும் பெண் வேடம் கட்டிய ஆண்கள் உண்டு. என் வருத்தம் வழி ஒரு பக்கமாக மட்டுமே திறந்திருப்பதில்தான். கெர்மிட்டும் ஃபோஸி கரடியும் கைமாறியபோது ஆண்களிடமே போயினர். பெண் பாத்திரங்களோ பெண்களிடமிருந்தும் ஆண்களிடம் போயின.

ஜானிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ராக் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் பெண் அவள். 1975இல் வந்த முன்னோட்ட நிகழ்ச்சியில் அவளை இயக்கியவர் ஃபிரான் பிரில். 1976இல் ‘தி மப்பெட் ஷோ’ தொடங்கியபோது எரென் ஓஸ்கர் என்ற பெண்ணிடம் வந்தாள். முதல் பருவத்தோடு ஓஸ்கர் விலக, ஜானிஸ் ரிச்சர்ட் ஹன்ட்டிடம் போனாள். உலகம் அறிந்த ஜானிஸ் ஹன்ட்டின் ஜானிஸ்தான். 1992இல் ஹன்ட் இறந்தார். 2008 முதல் அவளைப் பேசவைப்பவர் டேவிட் ருட்மன். ஓஸ்கர் இயக்கிய இன்னொருத்தி ஹில்டா, மேடைக்கு உடை தைப்பவள். அவளுக்கு வாரிசே கிடைக்கவில்லை. ஓஸ்கரோடு அவளும் நிகழ்ச்சியிலிருந்து காணாமல் போனாள்.

இந்தத் தொழிலின் அமைப்பையும் பார்க்க வேண்டும். சில மப்பெட்டுகளை இயக்க இருவர் தேவை. முதன்மைக் கலைஞர் வலது கையைப் பொம்மையின் தலைக்குள் விட்டு, இடது கையைப் பொம்மையின் இடது கைக்குத் தருவார். பொம்மையின் வலது கைக்கு இன்னொருவர் ஒட்டி நிற்பார். புதிதாக வருபவர்கள் தொழில் கற்றுக்கொள்ளும் இடங்களில் அது ஒன்று. அந்த வலது கை யாருடையது என்று ரசிகர்கள் கேட்பதில்லை; பெயர் குரலுக்கே போகிறது. குரல் கிடைக்க வேண்டுமானால் பாத்திரம் கிடைக்க வேண்டும். அக்குழுவில் பெண் பாத்திரங்களே குறைவு. அவற்றிலும் புகழ்பெற்றவை ஆண்களிடம் இருந்தன.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1970இல் ‘செசமி ஸ்ட்ரீட்’டில் சேர்ந்த ஃபிரான் பிரில், தாமே உருவாக்கிய பிரெய்ரி டான் என்ற சிறுமியையும், 1993இல் வந்த ஜோயியையும் பல்லாண்டுகள் பேசவைத்தார். 2014இல் அவர் ஓய்வு பெற்றபின் பிரெய்ரி டான் ஸ்டெஃபனி டி’அப்ரூஸோவிடமும், ஜோயி ஜெனிஃபர் பார்ன்ஹார்ட்டிடமும் போனார்கள். ஒரு பெண் உழைத்து உருவாக்கிய குரலை இன்னொரு பெண் உள்வாங்கி, தன் மூச்சையும் சேர்த்துக் கொண்டுபோகிறாள். கெர்மிட்டுக்கு எழுந்த அளவு ஆரவாரம் இதற்கு எழவில்லை. நம் பார்வையில் இதுவே கொண்டாட வேண்டிய கைமாற்றம்.

ரசிகர்களின் காதை நான் குறைசொல்லவில்லை. பழைய குரலுக்கும் புதிய குரலுக்கும் இடையே மயிரிழை வேறுபாட்டைக்கூட அது கண்டுபிடித்துவிடும். அத்தனை நுட்பமான காது இன்னும் கொஞ்சம் பின்னோக்கிக் கேட்கலாம். இப்போதைய ஜானிஸ் பழைய ஜானிஸ் மாதிரி இல்லை என்று ஹன்ட்டை நினைத்து ஏங்குபவர்கள், ஹன்ட்டுக்கு முன் அந்தக் கிட்டார்காரியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த இரண்டு பெண்களின் பெயரையும் சொல்லிப் பார்க்கட்டும்.