கல்லில் நின்றவனும் பெட்டியில் கிடப்பவனும்

போரைச் சிறிதாக்கிப் பார்ப்பது வெறும் விளையாட்டல்ல. எதைச் சிறிதாக்குகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில் ஒரு வரலாற்றுப் பார்வை ஒளிந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் வட ஆப்பிரிக்கப் பாலைவனம் (1940-43), மாதிரிச் சிப்பாய்களைச் செய்து காட்சி அமைப்பவர்களுக்கு மிகவும் பிடித்த களம். ஜப்பானின் தாமியா நிறுவனம் 35இல் ஒரு பங்கு அளவில் வார்க்கும் பிளாஸ்டிக் சிப்பாய் சுமார் 5 செ.மீ. உயரம்தான். கை, கால், தலையைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து ஒட்டி, வார்ப்புக் கோட்டைச் சுரண்டி, காக்கி பூசி, துணிமடிப்புகளில் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டு, மேடுகளில் காய்ந்த தூரிகையால் வெளிர்நிறம் தேய்த்தால், வெயிலில் வெந்த ஒரு ஆள் எழுந்து நிற்கிறான். மணல்தான் மசியாது. ஒரு மி.மீ. மணல் அந்த அளவில் மூன்றரை செ.மீ. கூழாங்கல் ஆகிவிடும். அதனால் மாவு போன்ற தூளைத் தேடிப் போகிறார்கள். பித்தானுக்கும் வாருக்கும்கூடப் பழைய புகைப்படங்களைச் சரிபார்க்கிறார்கள்.

இவ்வளவு கறாரான துல்லியம் எங்கே தளர்கிறது? பெட்டியின் மேலுள்ள தலைப்பில். தாமியாவின் பெட்டி சொல்வது 'பிரிட்டிஷ் எட்டாம் படை.' அந்தப் படையில் இந்திய டிவிஷன்கள் இருந்தன. ஆஸ்திரேலியர், நியூசிலாந்தர், தென்னாப்பிரிக்கர் இருந்தார்கள். 4ஆம் இந்திய டிவிஷனோடு மெட்ராஸ் ஸாப்பர்களும் போனார்கள். பாதை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் இவர்கள் வேலை. அந்தப் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன் 1944இல் இத்தாலியில் கண்ணிவெடிமேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காத்துச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கிடைத்ததால் அவர் பெயர் தப்பித்தது. மற்றவர்கள்?

இந்த மறதி பொம்மைக் கம்பெனிகள் கண்டுபிடித்ததில்லை. முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் வாரியாக வெறும் எண்ணிக்கைதான். அந்தப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது.

சரி, இதுக்கும் ஜவ்வாது மலைக்கும் என்ன சம்பந்தம்? போரைச் சிறிதாக்கிக் கல்லில் நிறுத்தும் வேலை அந்த மலையடிவாரத்தில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது, பதிப்பித்தவர் இரா. நாகசாமி. ஒரு கையில் வில், மறுகையில் வாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டி: அவ்வளவுதான் உருவம். தாமியாவின் துல்லியம் இங்கே கிடையாது. ஆனால் வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், இறந்தவன் பெயர், எதற்காக இறந்தான் என்பது எல்லாம் இருக்கும். எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப்போய் மாண்ட கருந்தேவக்கத்தியோடு அவன் நாய் கோவிவனும் அதில் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காவல் நின்ற செய்தியையும் கல் சொல்கிறது.

நாய்க்குப் பெயர் கொடுத்த பண்பாடு என்று நாம் உடனே மார்தட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்த 'இரண்டு கள்ளர்கள்' யார்? அவர்கள் எந்த ஊர், எந்தக் குடி, எதற்கு வந்தார்கள்? கல் பேசுவதில்லை. அவர்களும் எண்ணிக்கைதான். நடுகல் தலைவனுக்காகச் செத்தவனின் பிரதி. எதிர்ப்பக்கம் நின்றவனைப் பெயரில்லாமல் ஆக்கித்தான் அது தன் வீரனை உருவாக்குகிறது. பாஸ்ராவின் கணக்கும் தாமியாவின் தலைப்பும் இதே வேலையை வேறு அளவில் செய்கின்றன.

இது தொல்லியல் சமாச்சாரம் மட்டுமல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் அம்மாநிலக் காவல்துறை தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பலர் ஜவ்வாது மலையையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த கூலிகள். மலையாளிப் பழங்குடியினர் அதில் கணிசம். காவல்துறையின் சொல் 'கடத்தல்காரர்கள்.' செய்தித் தலைப்புகளின் சொல் 'இருபது பேர்.' எருமைக்குப் பதில் செம்மரம், அம்புக்குப் பதில் துப்பாக்கி. 'கள்ளர்' என்ற சொல் மட்டும் வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது.

சாவை நினைவுகூரும் எந்த உருவத்தின் முன்னாலும், கல்லோ பிளாஸ்டிக்கோ, நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் எண்? பித்தான்களை எண்ணுவதில் காட்டும் அக்கறையை அந்த 20 பேரின் பெயர்களைச் சேர்த்து வைப்பதில் காட்டினால், அங்கிருந்து ஒரு மாற்று வரலாறு தொடங்கும்.