அருகிலிருக்கும் உறவு

வேத வாசிப்பு: அப்போஸ்தலர் 2:1-11; லூக்கா 10:25-37



கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்னும் செய்தி சில ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் ஓயாது வலம்வருகிறது. கொரியரும் தந்தையை "அப்பா" என்றே அழைக்கின்றனர் என்பது அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. நம் வாலிபர் பலர் இதனை மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொள்கின்றனர். இந்த ஒப்பீடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. இதன் பின்னே நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி மிஷனரிகளின் வரலாறு. ஆகவே இந்த வாரம் அதனைச் சற்றே சிந்திப்போம்.

கதை தெலுங்கிலிருந்து தொடங்குகிறது. இந்திய மொழிகள் யாவும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகளே என்று ஐரோப்பிய அறிஞர் எண்ணியிருந்த காலத்தில், சென்னையில் ஆட்சியராயிருந்த எல்லிஸ் என்பவர் அதனை மறுத்தார். 1816-இல் வெளிவந்த காம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையில், தெலுங்கின் வேர்ச்சொற்கள் தமிழ், கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களோடு ஒன்றுபடுவதை வரிசைப்படுத்திக் காட்டினார். நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1856-இல், இடையன்குடியில் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல் தம்முடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, அவ்வுறவை உலகறியச் செய்தார்.

கொரியாவுக்கு இந்தச் சிந்தனை எவ்வாறு சென்றது? மைசூர் நாட்டில் ஊழியம் செய்த பிரெஞ்சு கத்தோலிக்கக் குருவாகிய தாலே, கொரியத் திருச்சபையின் வரலாற்றை 1874-இல் வெளியிட்டார். 1866-இல் கொரியாவில் இரத்தசாட்சியாய் மரித்த ஆயர் தாவ்லூயி அனுப்பிவைத்த குறிப்புகள் அந்நூலுக்கு ஆதாரமாயின. தென்னிந்திய மொழிகளை அறிந்திருந்த தாலேயின் கண்களுக்குக் கொரிய மொழியின் அமைப்பு அந்நியமாகத் தோன்றவில்லை. அந்த ஒற்றுமையை அவர் தம் நூலில் சுட்டிக்காட்டினார்.

அவருக்குப்பின் வந்தவர் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர். 1886-இல் கொரிய அரசரின் பள்ளியில் ஆசிரியராகச் சென்ற அவர், பின்னர் மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்து அச்சகப் பணியை ஏற்றார். 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். தமிழ், தெலுங்கு முதலியவற்றைப் பற்றிய அவருடைய அறிவுக்குக் கால்டுவெல்லின் நூலே அடிப்படை. தென்னிந்தியாவிலிருந்து பண்டை நாளில் புறப்பட்ட மக்கள் கடல்வழியே கொரியாவின் தென்கரையை அடைந்திருக்கவேண்டும் என்பது அவருடைய முடிவு.

அவர் கண்ட ஒற்றுமைகள் கற்பனையல்ல. "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்கிறோம். தெலுங்கர் "நேனு இண்டிகி வெள்தானு" என்பர். கொரியர் "நானுன் ஜிபெ கம்னிதா" என்பர். மூன்றிலும் எழுவாய் முதலில் வருகிறது. வினை இறுதியில் நிற்கிறது. "கு" என்னும் உருபைப்போன்ற இடச்சொல் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலேயனுக்குத் தலைகீழாகத் தோன்றும் இந்த ஒழுங்கு நமக்கு இயல்பானது. கொரிய மொழியைக் கற்கும் தமிழர் அதனை விரைவில் வசப்படுத்துவதற்கு இது துணைசெய்கிறது.

ஆயினும் அமைப்பில் ஒத்திருப்பது வேறு. ஒரு தாய் வயிற்றில் பிறப்பது வேறு. துருக்கி, ஜப்பானிய மொழிகளும் இதே ஒழுங்கிலேயே பேசப்படுகின்றன. மொழிகளின் உறவை நிலைநாட்ட அடிப்படைச் சொற்கள் ஒத்திருக்கவேண்டும். அவற்றின் ஒலிமாற்றங்கள் ஒழுங்குமுறைக்கு உட்பட்டிருக்கவேண்டும். தமிழின் "ஏழு" தெலுங்கில் "ஏடு". "கோழி" அங்கே "கோடி". நம்முடைய "கூழ்" அங்கே "கூடு" என்று சோற்றைக் குறிக்கிறது. நம் ழகரம் நின்ற இடத்தில் அவர்களுக்கு டகரம் தவறாமல் வந்து நிற்பதைக் காணுங்கள். இது தற்செயலாய் நிகழாது. ஒரே வீட்டில் பிறந்ததன் அடையாளம். கொரிய மொழியிலோ ஏழு என்பது "இல்கொப்". கோழி என்பது "தக்". ஒன்று, இரண்டு, மூன்று என்பவை "ஹானா, துல், செத்" என்றாகின்றன. மேலும் நாம் "வந்தான், வந்தாள்" என்றும் தெலுங்கர் "வச்சாடு, வச்சிந்தி" என்றும் வினையிலேயே ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்துகிறோம். கொரிய வினை அவ்வாறு செய்வதில்லை. ஆதலால் இன்றைய மொழியறிஞர் பெரும்பாலோர் ஹல்பர்ட்டின் முடிவை ஏற்பதில்லை.

அப்படியானால் "அப்பா" என்னும் சொல்? இங்கேதான் ஒரு வியப்பு இருக்கிறது. நம் மொழிக்கு மெய்யான உடன்பிறப்பாகிய தெலுங்கில், பிள்ளைகள் தந்தையைப் பொதுவாக "நான்ன" என்று அழைக்கின்றனர். உறவற்ற கொரியத்தில் "அப்பா" இருக்கிறது. நம் ஆண்டவர் கெத்செமனேயில் ஜெபித்தபோது உச்சரித்த அரமேயச் சொல்லும் "அப்பா" என்பதே. உதடுகளைச் சேர்த்துப் பிரிக்கும் ஒலிகளே குழந்தைக்கு முதலில் எளிதாய் வருகின்றன. பெற்றோர் அவற்றைத் தங்கள் பெயராக ஏற்றுக்கொள்கின்றனர். அச்சொல் மொழிக்குடும்பத்துக்குச் சான்றன்று. அதைவிட ஆழமான ஒன்றுக்குச் சான்று: எத்தேசத்துக் குழந்தையும் பேசத் தெரியுமுன்னே தகப்பனைக் கூப்பிடுகிறது. பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதுகையில், புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றவர்கள் கூப்பிடும் சொல்லாக இதனையே குறிப்பிட்டார்.

அன்பானவர்களே, இனி நம் ஊருக்கு வருவோம். உப்பிலியபுரத்திலும் துறையூர் வட்டாரத்திலும் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. விஜயநகரப் பேரரசு தெற்கே பரவியபோதும், 1529 முதல் மதுரை நாயக்கர் ஆட்சி நிலைபெற்றபோதும் வடக்கிலிருந்து வந்தோர் பலர் இம்மண்ணில் வேரூன்றினர். திருச்சிராப்பள்ளி அந்நாயக்கர்களுக்குத் தலைநகராகவும் விளங்கியது. காவிரிக்கரையில், திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் தெலுங்கிலேயே பாடினார். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி, தமிழ் எழுத்திலேயே எழுதப் படிக்கும் அயலார் நம் தெருக்களில் உள்ளனர்.

கடல்கடந்த கொரியரை "நம் உறவினர்" என்று கொண்டாடும் அதே நாவு, அடுத்த வீட்டாரை "வந்தேறி" என்று சொல்லத் துணிவதை நாம் கேட்டிருக்கிறோம். மொழியின் வரலாறோ நேர்மாறான சாட்சியைத் தருகிறது. தொலைவில் இருப்பது உறவாக எண்ணப்பட்டது. அருகில் இருப்பதே மெய்யான உறவு. தூரத்து உறவைப் புகழ்வதற்கு நாம் ஏதும் கொடுக்கவேண்டியதில்லை. அருகிலிருப்பவரோ நம்மிடம் தண்ணீரும் வழியும் மரியாதையும் கேட்கிறார். எனக்குப் பிறன் யார் என்று வினவிய நியாயசாஸ்திரிக்கு ஆண்டவர் வம்சவரலாற்றை விளக்கவில்லை. வழியோரத்தில் கிடந்தவனைக் காட்டினார்.

ஹல்பர்ட்டின் வாழ்வும் இதையே போதிக்கிறது. கற்றோர் சீன எழுத்தையே உயர்வாய் மதித்த நாளில், அவர் எளிய மக்களுக்காகக் கொரிய எழுத்தில் உலகப் புவியியல் நூலை எழுதினார். 1905-இல் ஜப்பான் கொரியாவை நெருக்கியபோது, அரசர் கோஜோங்கின் முறையீட்டை அமெரிக்காவுக்குச் சுமந்து சென்றார். அங்கே அவருக்குச் செவிகொடுப்பாரில்லை. 1907-இல் ஹேக் நகரில் கொரியாவுக்காக மீண்டும் பாடுபட்டார். அதன்பின் அந்நாட்டில் வாழும் வாய்ப்பை இழந்தார். விடுதலை பெற்ற கொரியா 1949-இல் அவரை அழைத்தபோது அவருக்கு வயது 86. நீண்ட கடற்பயணம் செய்து வந்துசேர்ந்தவர் சில நாட்களுக்குள் மரித்தார். சியோல் நகரின் யாங்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் துயில்கிறது. அவருடைய மொழிக்கொள்கை நிலைக்கவில்லை. அவருடைய அன்பு நிலைத்தது. கொரியர் தம் இரத்த உறவினர் என்பதற்காக அவர் அவர்களை நேசிக்கவில்லை. நேசித்தபடியால் அவர்களுடைய மொழியைக் கற்றார்.

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் எருசலேமில் கூடியிருந்தோரை ஒரே மொழிக்குள் அடக்கவில்லை. அவரவர் ஜென்ம பாஷையிலேயே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்கச் செய்தார். எல்லா மொழிகளும் தமிழே என்று நாட்டினால்தான் தமிழுக்குப் பெருமை என்பதில்லை. உண்மையல்லாத புகழ்ச்சி அன்பாகாது. நம் மொழியை நன்றியோடு நேசிப்போம். அயலாருடைய மொழியை மரியாதையோடு கேட்போம். இவ்வாரத்தில் தெலுங்கு பேசும் ஓர் அயலாரிடம் அவர் பாட்டி சொன்ன சொற்கள் சிலவற்றைக் கேட்டறியுங்கள். ழகரம் டகரமான சொற்களை அவற்றில் தேடிப்பாருங்கள்.

ஜெபம்: எல்லா நாவுகளையும் உண்டாக்கின பிதாவே, கைப்பேசியில் வரும் புகழ்ச்சிகளை ஆராய்ந்தறியும் தெளிவை எங்களுக்குத் தாரும். எங்கள் தெருவிலேயே நீர் வைத்திருக்கும் சகோதரரைக் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.