பீமாபள்ளி: திருட்டு டிவிடி சந்தை 'உலக சினிமா நூலகம்' ஆனது எப்படி?

திருவனந்தபுரம் கடற்கரையை ஒட்டிய பகுதி பீமாபள்ளி. பீமா பீவி தர்காவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் நிறைய பேர் போவதுண்டு. ஆனால் 2000-களில் சினிமா பித்து பிடித்த இளைஞர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் வேறொன்றுதான் நினைவுக்கு வரும்: திருட்டு டிவிடி. முதலில் வளைகுடாவிலிருந்து வந்த பொருட்களின் சந்தையாக இருந்து, பிறகு கேசட், விசிடி, டிவிடி என்று மாறிய இடம் அது.

புதுப்பட 'பிரிண்ட்' நம்ம சென்னை பர்மா பஜாரிலும்தான் கிடைத்தது. பீமாபள்ளியின் பெயர் பரவியதற்குக் காரணம் வேறு. அங்கே குரோசவாவும் கிம் கி-டுக்கும் கிடைத்தார்கள். இயக்குநர் பெயரைச் சொன்னால் கடைக்காரர் டிஸ்க்கை எடுத்துத் தருவார் என்பது அந்த ஊரின் புகழ்பெற்ற கதை.

இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் அங்கே 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு ஐஎஃப்எஃப்கே எனும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா அந்நகரின் டிசம்பர் வழக்கமானது. விழாவில் ஒரு முறை பார்த்த படத்தை மறுபடி பார்க்க வேறு வழி? நேராக பீமாபள்ளி.

காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். வாங்க ஒரிஜினல் இருந்தால்தானே! அமெரிக்க டிவிடிகள் 'ரீஜியன் 1', இந்தியா 'ரீஜியன் 5'. பூட்டுள்ள பிளேயரில் அவை ஓடாது. திருட்டு நகலில் அந்தப் பூட்டு இருக்காது. 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கி சந்தையைக் கலக்கியது உண்மை. ஆனால் அந்த விலைப் புரட்சி பெரும்பாலும் இந்தியப் படங்களோடு நின்றுவிட்டது.

வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படங்களை எடுத்துக்கொண்டால், எந்த டிஸ்க் என்பது ஏன் முக்கியம் என்று புரியும். செர்ஜியோ லியோனி தன் படங்களை 2.35:1 அகலத்தில் எடுத்தார். பழைய சதுர டிவிக்காக ஓரங்களை வெட்டிய கேசட்டில் காட்சியின் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். மூன்று பேர் துப்பாக்கியோடு நிற்கும் புகழ்பெற்ற க்ளைமாக்ஸில் ஒருவர் திரைக்கு வெளியே நின்றால் எப்படி இருக்கும்?

நீளத்திலும் சிக்கல் உண்டு. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' (1966) இத்தாலியில் சுமார் 177 நிமிடம். அமெரிக்காவில் 161 நிமிடமாக வெட்டப்பட்டது. விட்டுப்போன காட்சிகளை ஆங்கிலத்தில் சேர்த்து 2003-ல் நீண்ட வடிவம் வந்தபோது, கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் முப்பத்தைந்து வருடம் கழித்து மறுபடி டப்பிங் பேசினார்கள். லீ வான் கிளீஃப் 1989-லேயே இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர் குரல். அதனால்தான் சேகரிப்பாளர்கள் ஒரே படத்துக்கு மூன்று டிஸ்க் வைத்திருக்கிறார்கள். கிறுக்குத்தனம் அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லியோனியின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964), குரோசவாவின் 'யோஜிம்போ'வை (1961) அனுமதியின்றித் தழுவியது. ஜப்பானியத் தரப்பு வழக்குப் போட்டு, வசூலில் பங்கு வாங்கிய பிறகே விஷயம் முடிந்தது. பீமாபள்ளியில் விற்றது நகலின் நகல்!

சட்டம் என்ன சொல்கிறது?

காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63-ன்படி தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தப் பிரிவை வைத்துத்தான் ரெய்டுகள் நடந்தன. அந்த ரெய்டு செய்திகளால் மீனவர்கள் நிறைந்த ஒரு குடியிருப்பே 'திருட்டு சிடி ஏரியா' என்று பெயர் வாங்கியது அநியாயம்தான்.

ஆனால் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று: இந்தியாவில் ஒரு படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் மட்டுமே. 'ஸ்டேஜ்கோச்' (1939), 'ஹை நூன்' (1952), 'தி சர்ச்சர்ஸ்' (1956) எல்லாம் அந்தக் கெடுவைத் தாண்டியவை. உடனே யூடியூபில் ஏற்றக் கிளம்பிவிடாதீர்கள். இசைக்கும் எழுத்துக்கும் தனிக் கணக்கு. படைப்பாளி இறந்து 60 ஆண்டு ஆக வேண்டும். 'ஹை நூன்' இசையமைப்பாளர் டிமிட்ரி டியோம்கின் இறந்தது 1979-ல்.

வெளிநாட்டு டிஸ்க் வேண்டுமா? வீட்டில் பார்க்க ஒரே ஒரு பிரதியை வரவழைப்பதற்குப் பிரிவு 51 விலக்கு தருகிறது. சுங்க வரியும் ரீஜியன் பூட்டும் உங்கள் பாடு. ப்ளூ-ரே என்றால் இந்தியா 'சி' மண்டலம், அமெரிக்கா 'ஏ'.

டோரன்ட், பென் டிரைவ், ஓடிடி என்று அடுத்தடுத்து வந்ததில் டிஸ்க் வியாபாரம் கரைந்துபோனது. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் இன்றைய இளைஞரின் லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே கிடையாது. ஓடிடியிலோ உரிம ஒப்பந்தம் முடிந்த அன்றே படம் காணாமல் போகும். நம்மிடம் இருப்பது படம் அல்ல, பார்க்கும் அனுமதி மட்டும்.

அன்று வாங்கியவை இன்னும் அலமாரியில் இருந்தால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒரிஜினல் டிஸ்க்குகள் ஆலையில் அச்சிடப்பட்டவை, நீண்ட காலம் தாங்கும். 'ரைட்' செய்த டிவிடிகளில் தகவல் பதிவது ஒரு சாய அடுக்கில். வெயிலும் கடலோர ஈரமும் பட்டால் அந்தச் சாயம் சிதைந்து படம் நடுவில் உறைந்து நிற்கும்.