குடிசையா? சானடோரியமா?

கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே உப்பளங்கள். வெயிலில் வெந்து, பாத்தியில் நின்று, வெண்குவியல் எழுப்பும் உழைப்பாளிகள் அங்கே. வடக்கே சிறுசேரியில் கண்ணாடி மாளிகைகள். குளிர்ந்த அறையிலமர்ந்து கணிப்பொறிக்கு ஆணை எழுதும் இளைஞர்கள் அங்கே. இரண்டுக்கும் நடுவில் நின்று மேற்கே திரும்பினால், வண்டலூர்ச் சாலை நம்மைத் தாம்பரத்துக்கு அழைத்துச் செல்லும். இன்று நாம் போகவேண்டியது அங்கேதான்.

கண்ணாடி மாளிகைத் தோழரைக் கேட்டுப் பாருங்கள். தாம் செய்த புதுமை பழையதைவிட மேலானதா என்றறிய அவர் என்ன செய்கிறார்? பயன்படுத்துவோரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு கூறாக்கி, ஒரு கூறுக்குப் பழையதையும் மறு கூறுக்குப் புதியதையும் தந்து ஒப்பிடுகிறார். எது நம்பத்தக்கது, எது சிக்கனமானது என்பதை மேலாளரின் வாக்கு முடிவு செய்வதில்லை. எண்ணிக்கை முடிவு செய்கிறது. நேற்றுப் பிறந்த தந்திரமன்று அது. அவர் பிறக்கும் முன்பே, சென்னையின் சேரிகளில் இருமிக் கிடந்த ஏழைகளின் உயிர்ப் பிரச்சினையை அதே முறை தீர்த்து வைத்தது. அந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

எலும்புருக்கி நோய் என்றும், க்ஷயம் என்றும், காசம் என்றும் பெயர் பல. பெயர் எதுவாயினும் வீட்டார் காட்டிய காரணம் ஒன்றே: முன்வினை! ஜாதகம் பார்த்தனர், பரிகாரம் செய்தனர், பெண் பார்க்க வந்தவரிடம் நோயை மறைத்தனர். இதைக் கண்டு நகைப்பது நமக்கு எளிது. ஆனால் கற்றவரிடமும் ஒரு நம்பிக்கை குடிகொண்டிருந்தது. தூய காற்று, நீண்ட ஓய்வு, பால், முட்டை, நகரத்துக்கு அப்பால் ஒரு படுக்கை ஆகியவையே நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கையின் நினைவுச் சின்னமே மின்சார ரயிலில் நாம் கேட்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையப் பெயர். 1928இல் அதை நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் இத்தகைய மருத்துவமனையை நடத்தியவர் அவர். 1914இல் கணிதமேதை இராமானுசன் கடல் கடந்தபோது அதே கப்பலில் பயணம் செய்தவர்; 1917இல் இராமானுசன் நோயுற்றுச் சேர்ந்ததும் அவருடைய மருத்துவமனையில்தான். 1920இல் சென்னைச் சேத்துப்பட்டில், 32 வயதில், அந்த அறிவு விளக்கு அணைந்தது. அவரை வாட்டியது காசமே அன்று, குடலிலிருந்து ஈரலுக்குப் பரவும் அமீபா நோய் என்று பிற்கால மருத்துவர் சிலர் வாதிடுகின்றனர். நோயறிவதே அவ்வளவு உறுதியற்றிருந்த காலம் அது.

சௌரி முத்துவை நாம் குறை கூறவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்தே இல்லாத நாளில், காற்றும் ஓய்வும் தவிர அவர் வேறெதைத் தந்திருக்க முடியும்? 1937இல் அரசு அந்த மருத்துவமனையை ஏற்றது. ஆனால் நாடெங்கும் நோயாளிகள் இலட்சக்கணக்கில். படுக்கைகளோ சில பத்தாயிரங்களைத் தாண்டவில்லை. படுக்கைதான் மருந்து என்றால், படுக்கை கிடைக்காத பாட்டாளிக்கு என்ன விடை? சாவு என்பதைத் தவிர வேறென்ன?

மருந்து வந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், அடுத்து பி.ஏ.எஸ்.; 1952இல் ஐசோனியாசிட். ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தபோது போரில் நலிந்த பிரிட்டனிடம் அதை வேண்டிய மட்டும் வாங்கப் பணமில்லை. இருந்த சிறிதளவை எவருக்குத் தருவது? பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் வழி சொன்னார். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்க வேண்டா. முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் சீட்டு சொல்லட்டும் என்றார். 1948இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் மாண்டிருந்தனர். மருந்தின் ஆற்றல் தெரிந்தது. கிருமி அந்த ஒற்றை மருந்துக்குப் பழகிக்கொண்டு மீண்டும் தலைதூக்குவதும் உடன் தெரிந்தது. ஆகவே இரு மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வந்தது.

சீட்டுக் குலுக்கி வைத்தியமா என்று திடுக்கிட வேண்டா. திருவுளச்சீட்டு நம் நாட்டுக்குப் புதிதன்று. கோயிலில் அதைப் போட்டால் ஆண்டவன் உள்ளம் வெளிப்படும் என்பர். மருத்துவர் போட்ட சீட்டோ எவர் உள்ளமும் உள்ளே புகாதபடி காப்பது! 'இவர் பிழைப்பார்' என்று தோன்றுபவருக்குப் புது மருந்தைத் தந்துவிட்டு, பிழைத்ததும் மருந்தின் பெருமை என்று பேசும் பொய்யை அது தடுக்கிறது. சாதியும் சிபாரிசும் முகதாட்சணியமும் முத்திரையிட்ட உறையைத் திறக்க முடியாது.

நம் உத்தரமேரூரில் பராந்தகன் காலத்துக் குடவோலையை ஏடுகள் ஓயாமல் புகழ்கின்றன. பானைக்குள் கையிட்ட சிறுவன் பாகுபாடு பார்க்கவில்லை என்பது மெய்தான். ஆனால் பானைக்குள் எவர் பெயர் இருந்தது? நிலமுடையவர் பெயர், வேதம் கற்றவர் பெயர்! சீட்டு நேர்மையானது, பானையில் போட்டவர் நேர்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னைப் பானையில் விழுந்த பெயர்களோ ஏழைகளுடையவை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கூடிக் காசநோய் மருந்தாய்வு நிலையத்தைச் சென்னையில் நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தலைமையேற்றார். இராமானுசன் கண்மூடிய சேத்துப்பட்டில் அது இன்றும் இயங்குகிறது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்பது இன்றைய பெயர். எழுப்பிய கேள்வி எளியது: ஒரே மருந்தை, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டுக்குத் தந்தால், குடிசையில் இருப்பவர் பிழைப்பாரா? சானடோரியத்தில் இருப்பவர்தான் பிழைப்பாரா?

193 நோயாளிகளைச் சீட்டு இரு கூறாகப் பிரித்தது. ஒரு கூறுக்கு நல்ல உணவு, காற்றோட்டமான விடுதி, செவிலியர் கவனிப்பு, ஓய்வு. மறு கூறுக்கு நெரிசலான வீடு, அரைவயிற்றுச் சோறு, இயன்றபோது வேலை, வாரத்துக்கொரு முறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கும் நடை. 'இந்த நிலையில் மருந்து என்ன செய்யும்?' என்று அறிஞர் பலர் தலையசைத்திருப்பர்.

ஓராண்டு முடிந்தது. நோய் அடங்கியவர் சானடோரியத்தில் 100க்கு 92, வீட்டில் 86. வேறுபாடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஐந்து தலையும் ஐந்து பூவும் எப்போதும் விழுவதில்லை. இவ்வளவு சிறு குழுவில் இவ்வளவு சிறு இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. ஐந்தாண்டு தொடர்ந்து கண்காணித்ததில் அதுவும் மறைந்தது. இரு கூறிலும் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் நலமாயிருந்தனர். சானடோரியத்தார் உடல் எடையில் கூடினர். ஆனால் நோய் தீர்வதில் முந்தவில்லை.

இன்னோர் அச்சம்: வீட்டிலிருந்தால் மனைவி மக்களுக்குத் தொற்றுமே! அதையும் எண்ணினர். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் புதிதாக நோயுற்றோர், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட மிகவில்லை. மருந்து தொடங்குமுன்பே தொற்றவேண்டியது தொற்றிவிட்டிருந்தது. தந்தையைப் பிரித்து ஓராண்டு தொலைவில் வைத்தது அக்குடும்பத்தின் கூலியைப் பறித்ததேயன்றி நோயைத் தடுக்கவில்லை.

இதன் பொருளாதாரத்தை நோக்குங்கள். ஒரு படுக்கைக்கு ஆகும் செலவில் வீட்டு நோயாளிகள் பலருக்கு மருந்து தரலாம். சிக்கனம் என்றால் ஏழைக்குக் குறைத்துத் தருவது என்றே ஆட்சியாளர் அகராதியில் பொருள். இங்கே சிக்கனம் ஏழைக்கு முதன்முறையாகக் கதவைத் திறந்தது.

ஆயினும் ஓர் ஓட்டை தென்பட்டது. வாங்கிய மருந்தெல்லாம் விழுங்கிய மருந்தன்று! பி.ஏ.எஸ். நாள்தோறும் பல கிராம் விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டும். நிலையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குச் சென்று மீதியை எண்ணினர். சிறுநீரில் மருந்தின் தடயம் உண்டா என்று சோதித்தனர். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துவது மனித இயல்பு. அதைத் திட்டித் திருத்த முனையாமல் முறையை மாற்றினர். வாரத்துக்கு இரு முறை, கண்ணெதிரே ஊசியும் மாத்திரையும். நாள்தோறும் வீட்டில் மருந்துண்பதற்கு இது சளைத்ததன்று என்று 1964இல் சென்னை ஆய்வு காட்டியது. கண்ணெதிரே மருந்தளிக்கும் திட்டம் 1990களில் உலகெங்கும் பரவியபோது அதன் வேர்களில் ஒன்று இங்கே இருந்தது. ஆனால் அதையும் வேதமாக்கிவிடவில்லை. இடைவெளி விட்ட முறையில் நோய் திரும்புவதும் மருந்துக்குக் கிருமி பழகுவதும், சிறப்பாக எச்.ஐ.வி. உள்ளவரிடம், மிகுதி என்று பின்னாய்வுகள் கண்டன. 2017இல் இந்தியா நாள்தோறும் மருந்து தரும் முறைக்கு மாறியது.

தம் கருத்துக்கு இணங்காத முடிவையும் வெளியிடும் துணிவுக்கு, கேளம்பாக்கத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டமே சான்று. காசத்துக்கு எதிராக பி.சி.ஜி. ஊசியை 1948இல் போடத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் போட்டு வந்தனர். 1955இல் இராசாசி அதை எதிர்த்து எழுதினார். ஆதரித்தவரிடமும் இந்நாட்டுப் பெருஞ்சோதனை ஒன்று இல்லை, எதிர்த்தவரிடமும் இல்லை. 1968இல் திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களில் சோதனை தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஊசி. எவருக்கு மருந்து, எவருக்கு வெறும் நீர்மம் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979இல் வந்த முடிவு உலகையே திகைக்க வைத்தது: பெரியவரின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை! குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகின்றனர். இராசாசி வென்றார் என்று எவரேனும் கொண்டாடினால், அவர் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை என்போம். அவர் சொன்னார் என்பதற்காகவே முடிவை மறுக்க நம்மவர் எவரேனும் முனைந்தால், அவரையும் நாம் ஏற்கமாட்டோம்.

சோறு பற்றிய கணக்கு மட்டும் பாக்கி நின்றது. மருந்து தவறாது கிடைத்தால் அரைவயிற்று நோயாளியும் தேறுவார் என்றது 1956இன் ஆய்வு. அதைக் கொண்டு உணவு வேண்டா என்று வாதிட்டவர் தவறினர். ஜார்கண்டில், நோயாளி வீட்டார் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு, சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்று நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. வீட்டார் அனைவருக்கும் உணவுப் பொருள் தந்த இடங்களில், புதிதாகக் காசம் கண்டவர் 100க்கு 39 பங்கு குறைந்தனர். நோயைத் தீர்ப்பது மருந்து. நோய்க்கு வாயிலைத் திறந்து வைப்பது பசி.

படுக்கையும் திரும்பி வந்திருக்கிறது, எல்லோருக்குமன்று. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்ட அன்றே ஒவ்வொருவரையும் சிறிது அளந்து பார்க்கின்றனர். உயரத்துக்கு எடை எவ்வளவு, மூச்சு எவ்வளவு வேகம், பிறர் தாங்காமல் நிற்க முடிகிறதா என்று. எலும்பும் தோலுமாய் வந்தவரை, நிற்க இயலாதவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். ஏனையோர் மருந்தோடு வீடு திரும்புகின்றனர். அதற்கு வேண்டியவை எடை பார்க்கும் கருவி ஒன்று, சுவரில் குறித்த அளவுகோல் ஒன்று, 'எழுந்து நில்லுங்கள் ஐயா' என்று சொல்ல ஒரு செவிலியர்.