பல்செட்டுக்காகப் பதவியை விட்டவர்

பிரிட்டிஷ் பட்ஜெட் வரலாறு படிக்கப் போய், பல்செட்டில் வந்து மாட்டிக்கொண்டேன். 1951 ஏப்ரலில் அனைரின் பெவன் என்ற மூத்த அமைச்சர் பதவி விலகினார். உடனடிக் காரணம், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அரசு காசு கேட்க முடிவெடுத்தது. இதுக்கெல்லாமா ராஜினாமா என்றுதான் முதலில் தோன்றும்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வாய்க்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் புரியும். 1910-ல் வில்லியம் ஹன்ட்டர் என்ற லண்டன் மருத்துவர் மான்ட்ரியாலில் ஓர் உரை ஆற்றினார். பல்லைச் சுற்றித் தேங்கும் சீழ்தான் உடம்பின் பல நோய்களுக்கு வேர் என்பது அவர் வாதம். அழுகலின் மேல் தங்கத்தைப் போட்டு மூடும் பல் மருத்துவர்களை வறுத்தெடுத்தார். அதற்கப்புறம் பல வருஷங்களுக்கு, மூட்டுவலி என்று போனவரிடம்கூட ‘எல்லாப் பல்லையும் எடுத்துடலாம்’ என்று சொல்வது வழக்கமானது. காசுக் கணக்கும் உண்டு. ஒவ்வொரு பல்லாக வைத்தியம் பார்ப்பதைவிட, மொத்தமாகப் பிடுங்கிவிட்டு ரப்பர் ஈறு வைத்த செட் ஒன்றை மாட்டுவது மலிவு. கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பற்களை எடுத்துவிட்டு, பல்செட்டைப் பரிசாகக் கொடுத்த குடும்பங்கள் இருந்திருக்கின்றன. வரப்போகிற கணவனுக்குப் பிற்காலச் செலவு மிச்சமாம்!

செட் வாங்க வழியில்லாதவர்கள்? 1911 சட்டத்தின் காப்பீடு வேலை பார்க்கும் தொழிலாளிக்குத்தான், அவர் மனைவிக்குக் கிடையாது. அதிலும் பல் சிகிச்சை என்பது சில சங்கங்கள் மட்டும் கொடுத்த கூடுதல் சலுகை. பல்லும் இல்லாமல் செட்டும் இல்லாமல் காலம் தள்ளிய பாட்டிகள் ஏராளம்.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அதைக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் இதே பெவன்தான். சுரங்கத் தொழிலாளியின் மகன், தானும் சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். பல்செட் உட்பட எல்லாம் இலவசம். வந்த கூட்டத்தில் அரசின் மதிப்பீடுகள் தவிடுபொடி. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அது புது டிமாண்ட் இல்லை, பல வருஷத்து பேக்லாக்.

1951-ல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. மூன்றாண்டில் 470 கோடி பவுண்டுக்கு ஆயுதத் திட்டம். நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல், பல்செட், கண்ணாடி விலையில் பாதியை வாங்குகிறவரே தரட்டும் என்றார். முதல் ஆண்டில் அதனால் மிச்சமாவது 1.3 கோடி பவுண்டு. அதே பட்ஜெட்டில் முதியோர் ஓய்வூதியத்தையும் கூட்டினார் என்பதுதான் வேடிக்கை.

பெவன் விலக, ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் கூடவே விலகினார்கள். மூலப்பொருள் தட்டுப்பாட்டில் அவ்வளவு ஆயுதப் பணத்தைச் செலவழிக்கவே முடியாது என்பது பெவனின் வாதம். அக்டோபர் தேர்தலில் லேபர் கட்சி தோற்றது. டிசம்பரில் புதுப் பிரதமர் சர்ச்சிலே, குத்தலோடுதான், அந்த விஷயத்தில் பெவன் சொன்னது சரியாகிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பல்செட் கட்டணம் போகவில்லை.

கெய்ட்ஸ்கெலுக்குப் பணம் தேவைப்பட்டது உண்மை. அவர் கைவைத்த இடம்தான் எனக்கு ஒப்பவில்லை. மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் இலவசம், மெல்லுவதற்கு மட்டும் காசு என்றால், வாய் உடம்பில் சேர்த்தி இல்லை என்று அரசே சொன்ன மாதிரிதானே? இங்கிலாந்தில் அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

1968 கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதுவந்தோரில் 37 சதவீதம் பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. 2009-ல் அது 6 சதவீதம். ஃப்ளூரைடு பற்பசைக்கு இதில் பெரிய பங்கு. ஆக, இன்றைய முதியவர்கள் ஃபில்லிங்கும் கேப்புமாகச் சொந்தப் பல்லோடு இருக்கிறார்கள். பல்செட்டை ராத்திரி கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிடலாம். மறதி நோய் முற்றியவரின் சொந்தப் பல்லை வேறொருவர்தான் தினமும் தேய்த்துவிட வேண்டும். 2019-ல் இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையம் போய்ப் பார்த்த இல்லங்களில் 52 சதவீதத்தில், குடியிருப்போரின் வாய் நலத்துக்கென்று ஒரு கொள்கையே இருக்கவில்லை.