நிகழ்ச்சியற்ற மாற்றம்: சிலாபக் கடற்கரையும் அன்றாடப் புனைவும்

இலங்கையின் மேற்குக் கரையில் நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் நூறாண்டுகளுக்கு முன் வீட்டில் பேசியது தமிழ். இன்று பெரும்பாலும் சிங்களம். இம்மாற்றத்துக்கு ஒரு தேதி குறிக்க முடியாது. பள்ளியில் பயிற்றுமொழி மாறியது, கோயிலில் செபம் மாறியது, வீட்டுக்குள் அழைக்கும் முறை மாறியது. இப்படி நிகழ்ச்சி ஏதுமின்றி நடந்தேறும் பெரிய மாற்றத்தைப் பிடிக்க வல்லது அன்றாட வாழ்வைப் பொருளாகக் கொள்ளும் புனைவுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நம் வாசிப்பில் உள்ள கடல் நாவல்கள் வேறு வழியில் சென்றவை. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்த தகழியின் ‘செம்மீன்’ கற்பு பற்றிய நம்பிக்கையிலும் சாவிலும் முடிகிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ இரண்டிலும் அன்றாடம் செழித்துக் கிடக்கிறது. ஆயினும் கதையை நகர்த்தும் விசை மோதலும் மரணமுமே. இவற்றின் மேன்மையை நான் மறுக்கவில்லை. வலை கரையேறிய பிறகு தொடங்கும் நேரம் இவற்றில் பின்னணியாகவே நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை.

அந்த நேரத்தை ஆய்வாளர் கவனித்தார். மானிடவியலாளர் ஆர்.எல். ஸ்டிரட் சிலாபத்தை அடுத்த அம்பகந்தவில கிராமத்தில் களஆய்வு செய்து 1988இல் வெளியிட்ட நூல், மீனவர்களோடு மீன் விற்கும் பெண்களையும் வியாபாரிகளையும் தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. மானிடவியல் முந்திக்கொண்ட இடத்தில் நம் புனைவு பிந்தி நிற்பது எனக்கு வருத்தமே.

அன்றாடத்தை எழுதினால் சலிப்புத் தட்டும் என்பார்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இதற்குப் போதிய மறுப்பு. சென்னையில் தண்ணீர் பிடிப்பதற்கான அலைச்சலே அந்நாவலின் காலத்தை வகுக்கிறது. குடத்தோடு காத்து நிற்கும் நேரத்தில் ஜமுனா, சாயா என்னும் சகோதரிகளின் வாழ்க்கை முழுதும் தெரிந்துவிடுகிறது. ஒரே வேலை மறுபடி மறுபடி வரும்போது அதில் நேரும் சிறு வேறுபாடே கதையாகிறது.

சிலாபத்துக்கு வடக்கே, இன்றும் தமிழ் வழங்கும் உடப்பில் இத்தகைய கதைக்கான பொருள் நிறைய உண்டு. கரைவலையை ஒரு முனை கரையில் இருக்கத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து, மறுமுனையைக் கரைசேர்த்து, இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு, முன்பணத்துக்குக் கழிவு. கச்சான் காற்று வீசி மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இக்கரையோர மீனவர் பலர் கிழக்குக் கரைக்குப் போய் வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைப்பார்கள். அப்போது வீட்டில் இருப்பவள் யாரிடம் கடன் சொல்கிறாள், எந்த மொழியில் சொல்கிறாள், அரிசிக் கடைக்காரர் எந்த மொழியில் பதில் தருகிறார்? ஒரு நாவலுக்கு இவ்வளவு போதும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அத்தகைய கதையில் சிங்களம் வரும் இடத்தில் சிங்களமே தமிழ் எழுத்தில் வரவேண்டும். எல்லாரையும் ஒரே தமிழில் பேசவைத்தால் அந்தக் கடற்கரையின் வரலாறே அழிந்துபோகும்.

இக்கரையில் எழுதவரும் இளையோரிடம் என் வேண்டுகோள் இதுதான்: புயலைப் பிறகு எழுதலாம், முதலில் ஒரு நாள் வலையின் பங்குக் கணக்கை, பேசிய பேச்சு மாறாமல், முழுதாக எழுதுங்கள்.